பென்ச் சீட்டை எடுத்துவிட்டுப் பக்கெட் சீட் போட்ட பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

பழைய காரிலிருந்து பென்ச் சீட்டை (அகலம் முழுக்க ஒரே நீள இருக்கை) கழற்றி இரண்டு பக்கெட் சீட்டை (ஆளுக்கு ஒன்றாகத் தனித்தனி இருக்கை) வைத்து போல்ட் போட்டாகிவிட்டது, உட்கார்ந்து பார்த்தால் ஏதோ சரியில்லை. சீட் நகர மாட்டேன் என்கிறது, அல்லது பிரேக் அடிக்கும்போது டக் என்று ஒரு சத்தம் வருகிறது, அல்லது தலை கூரையில் முட்டுகிறது. இந்த நிலைமையில் எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது சீட்டைத்தான். நான் பார்த்தவரை, பத்தில் எட்டு முறை கோளாறு சீட்டில் இருப்பதில்லை, அதற்குக் கீழே இருக்கும் தரையில் இருக்கிறது.

காரணம் எளிது. பென்ச் சீட் அகலம் முழுவதும் ஒரே சட்டமாக இருக்கும், சீட் முன்னும் பின்னும் வழுக்கி நகரும் ரெயில்கள் பொதுவாக இரண்டு ஓரங்களை ஒட்டி ஓடும். அதனால் காரைச் செய்தவர்கள் அந்த ஓரங்களில் மட்டும் தரையைப் பலப்படுத்திவிட்டு, நடுவில் வெறும் தகடாக விட்டிருப்பார்கள். பக்கெட் சீட்டுக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு ரெயில் வேண்டும், அதில் உள்பக்க ரெயில் வந்து உட்காரும் இடம் கியர்பாக்ஸுக்கு மேலே எழும்பி நிற்கும் நடுமேட்டின் ஓரம். அங்கே தகடு மெல்லியது, சரிவானது, முன்னும் பின்னும் ஒரே உயரத்தில் இருக்காது. கீழே சொல்லப்போகும் கோளாறுகளில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்து பிறப்பவை. ஒரே மாடலைப் பென்ச், பக்கெட் இரண்டு விதமாகவும் விற்ற கார் என்றால் வேலை சுலபம், உள்பக்கத்துக்கான தாங்கிகள் தனி உதிரியாகக் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கிடைத்தால் அதைவிட நல்ல வழி வேறில்லை.

சீட் இறுக்கமாக நகர்கிறது, அல்லது பாதியில் சிக்கி நிற்கிறது

மேசையில் வைத்துத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும், காரில் போல்ட் போட்டவுடன் நகராது. இப்படி என்றால் ரெயிலுக்கு எண்ணெய் விட்டுப் பயனில்லை. நான்கு போல்டையும் ஒரு சுற்று தளர்த்திவிட்டுச் சீட்டைத் தள்ளிப் பாருங்கள். இப்போது நகர்ந்தால், தரைதான் ரெயிலை முறுக்குகிறது என்று முடிவாகிவிட்டது. தளர்த்திய பிறகும் சிக்கினால் மட்டும் ரெயிலையே சந்தேகப்படுங்கள்: வளைந்திருக்கும், உள்ளே உருளை உடைந்திருக்கும், அல்லது பழைய கிரீஸ் மண்ணோடு சேர்ந்து களிம்பாகியிருக்கும்.

தரை முறுக்குகிறது என்றால் அதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, இரண்டு ரெயிலும் இணையாக இல்லை. முன்பக்க போல்ட் ஓட்டைகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் பின்பக்க ஓட்டைகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் அளந்து, சீட்டில் அதே இடங்களின் அளவோடு ஒப்பிடுங்கள், அப்புறம் மூலைவிட்டம் இரண்டையும் அளங்கள். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசமே கையில் தெரியும். இரண்டாவது வகை, நான்கு தாங்கும் இடங்களும் ஒரே தளத்தில் இல்லை. மூன்று கால் தரையில் பட்டு நான்காவது அந்தரத்தில் நிற்கும் நாற்காலி மாதிரி. அந்த நான்காவது இடத்தில் போல்டை இறுக்கும்போது ரெயில் கீழே இழுக்கப்பட்டு முறுகும். இதைக் கண்டுபிடிக்க, சீட்டை வைத்து மூன்று போல்டை மட்டும் கையால் திருகிவிட்டு, நான்காவது மூலையில் இருக்கும் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடுக்கில் நுழைத்து அளக்கும் மெல்லிய தகடுகள்) அளங்கள். அந்த அளவுக்கு இரும்பு ஸ்பேசர் ஒன்றைக் கடைந்து வைத்தால் தீர்ந்தது.

வாஷர்களை அடுக்கடுக்காக வைத்து அந்த இடைவெளியை நிரப்புகிற பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஐந்தாறு வாஷர் அடுக்கினால் அவை ஒன்றன் மேல் ஒன்று நகரும், போல்ட் பக்கவாட்டில் வளையும், இறுக்கமும் நாளாவட்டத்தில் குறையும். ஒரே துண்டு, அகலமான அடி, அவ்வளவுதான் வேண்டியது.

இறுக்குகிற முறையும் முக்கியம். நான்கையும் கையால் திருகுங்கள், சீட்டை முழுக்க முன்னே தள்ளிப் பின் போல்டுகளைப் பாதி இறுக்குங்கள், முழுக்கப் பின்னே தள்ளி முன் போல்டுகளைப் பாதி இறுக்குங்கள், ஒரு முறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டிப் பாருங்கள், அதன் பிறகுதான் முழு இறுக்கம்.

ஒரு பக்கம் மட்டும் பூட்டிக்கொள்கிறது

சீட்டை நிறுத்திய இடத்தில் பிடித்துவைக்க ஒவ்வொரு ரெயிலிலும் பற்களும், அவற்றுக்குள் விழும் ஒரு நாக்கும் உண்டு; இரண்டில் ஒன்று மட்டும் விழுவதுதான் கோளாறு. இந்தப் பட்டியலிலேயே எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான், ஏனென்றால் ஓட்டும்போது எதுவும் தெரியாது. சீட் நின்றபடி நிற்கும், ஆட்டினால் லேசாக மூலைவாட்டில் ஆடும், அவ்வளவுதான் அறிகுறி. நான் முதல் முறை இந்த வேலையைச் செய்தபோது ஒரு ரெயிலை மற்றதைவிட ஒரு பல் தள்ளிப் பொருத்திவிட்டேன், கவனிக்கவில்லை. ஒரு நாள் கொஞ்சம் அழுத்திப் பிரேக் அடித்தபோது சீட் ஒரு பல் முன்னே குதித்தது, கால் பெடலிலிருந்து நழுவியது. அன்றிலிருந்து இதைச் சோதிக்காமல் எந்தக் காரையும் நகர்த்துவதில்லை.

சோதனை: சீட்டில் உட்காராமல், முதுகுப்பகுதியின் மேல் இரு ஓரத்தையும் பிடித்து முன்னும் பின்னும் முறுக்குவது போல ஆட்டுங்கள். ஒரு பக்கம் உறுதியாகவும் மறுபக்கம் நெகிழ்வாகவும் இருந்தால் பூட்டு ஒன்றில்தான் விழுந்திருக்கிறது. டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துக் கீழே பாருங்கள், இரண்டு பக்கத்து நாக்கும் பல்லுக்குள் முழுசாக இறங்கியிருக்க வேண்டும். எல்லா நிலைகளிலும் பாருங்கள், ஒரு நிலையில் சரியாக இருந்தால் போதாது.

சரிசெய்ய, சீட்டைக் கழற்றிக் கவிழ்த்து, இரண்டு ரெயிலையும் முழுக்கப் பின்னுக்குத் தள்ளி, இரண்டிலும் கடைசிப் பல்லிலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். சமமாக வைத்த பிறகும் ஒன்று தாமதமாக விழுந்தால், இரண்டையும் இணைக்கும் கம்பி அல்லது கேபிள் அதிக இறுக்கமாக இருக்கிறது. கைப்பிடியை விட்டவுடன் அந்தக் கேபிளில் கொஞ்சம் தொய்வு இருக்க வேண்டும்.

பிரேக் அடித்தால் டக், ஆக்சிலரேட்டர் மிதித்தால் டக்

மூன்று இடம் பார்க்கணும்: போல்ட், ரெயில், தரை. ஒருவரை உட்காரவைத்து முன்னும் பின்னும் ஆடச் சொல்லுங்கள், நீங்கள் ஒவ்வொரு மூட்டிலும் விரலை வையுங்கள். அசைவு இருக்கும் இடம் விரலுக்கு உடனே தெரியும். போல்டைச் சுற்றி என்றால் மரை முழுசாகப் பிடிக்கவில்லை அல்லது ஓட்டை பெரிதாகிவிட்டது. ரெயிலின் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் இடையே என்றால் ரெயில் தேய்ந்துவிட்டது, மாற்றுவதுதான் வழி, அடித்து நெருக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

தரைத்தகடே மூச்சு விடுவது போல மேலும் கீழும் அசைந்தால், அங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மெல்லிய தகட்டில் ஓட்டை போட்டு, கீழே ஒரு வாஷர் வைத்து நட் இறுக்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். சாதாரண ஓட்டத்தில் அது தாங்கும். மோதல் ஒன்று நடந்தால் போல்ட் உடையாது, வாஷரோடு சேர்ந்து தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். மோட்டார் பந்தயங்களை நெறிப்படுத்தும் சர்வதேச அமைப்பான எஃப்ஐஏவின் விதிகள் சீட் பொருத்தத்துக்கு என்ன கேட்கின்றன என்று பார்த்தால் ஓர் அளவுகோல் கிடைக்கும்: ஒரு சீட்டுக்குக் குறைந்தது 4 இடம், குறைந்தது 8 மி.மீ. விட்ட போல்ட், தரைக்கு மறுபக்கம் குறைந்தது 3 மி.மீ. தடிமன் இரும்புத்தகடு, ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது 40 சதுர செ.மீ. பரப்பு. அதாவது ஏறத்தாழ 65 மி.மீ. சதுரத் தகடு. சாலையில் ஓடும் காருக்கு அந்த விதி பொருந்தாதுதான், ஆனாலும் நான் அதைவிடக் குறைவாகப் போவதில்லை. தகட்டின் மூலைகளை வட்டமாக அரத்தால் தேய்த்துவிடுங்கள், கூர்மூலை இருந்தால் அது தரையை வெட்டும்.

இன்னும் நல்ல வழி, கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்துக்கும் நடுமேட்டுக்கும் இடையே 25 மி.மீ. சதுரக் குழாய் இரண்டை, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று, குறுக்காக வெல்டு செய்து அதன் மேல் சீட்டை வைப்பது. இதில் ஒரே அடியில் தளமும் சமமாகிவிடும், பலமும் வந்துவிடும். குழாயின் வழியே போல்ட் போகும் இடத்தில் உள்ளே ஒரு சின்ன உருளைக் குழாயைச் செருகி வெல்டு செய்யுங்கள், இல்லாவிட்டால் இறுக்க இறுக்கச் சதுரக் குழாய் நசுங்கிக்கொண்டே போகும், போல்ட் ஒருநாளும் இறுகாது.

டிரில் போடுவதற்கு முன் காருக்கு அடியில் போய்ப் பாருங்கள். பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், ஒயர், சைலன்சர் எல்லாம் இந்தப் பகுதியில்தான் ஓடும். வெல்டிங் என்றால் பாட்டரியைக் கழற்றுங்கள், அடியில் தடவியிருக்கும் தார்ப்பூச்சும் மேலே கார்பெட்டுக்குக் கீழே இருக்கும் விரிப்பும் தீப்பிடிக்கும், சுரண்டி எடுங்கள், தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தகடு துருப்பிடித்திருந்தால் அதன் மேல் தகடு போட்டு மூடாதீர்கள், வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்த பிறகுதான் சீட்.

போல்ட் நுழைகிறது, இறுகுவது போல இருக்கிறது, பிறகு சுற்றிக்கொண்டே போகிறது

பழைய அமெரிக்கக் கார்களில் சீட் பெல்ட்டைக் காரோடு பிடித்துவைக்கும் நங்கூரத்தில் இருப்பது பெரும்பாலும் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை கொண்ட யூஎன்எஃப் (அங்குல அளவில் நெருக்கமான மரை) போல்ட். அதன் விட்டம் 11.1 மி.மீ., மரை இடைவெளி 1.27 மி.மீ. இதில் எம்10, 1.25 மரை போல்டை (விட்டம் 10 மி.மீ., மரை இடைவெளி 1.25 மி.மீ.) திருகினால் மரை கிட்டத்தட்ட ஒத்துப்போவதால் அது சமர்த்தாக உள்ளே போகும். பிடித்திருப்பது மரையின் நுனி மட்டும். கையில் இருக்கிற போல்ட் நுழைகிறதே என்று திருப்திப்படாதீர்கள், மரை அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, சரியான போல்டையே வாங்குங்கள். மில்லிமீட்டர் அளவு போல்ட் என்றால் பலத் தரம் 8.8 அல்லது அதற்கு மேல், தலையில் பொறித்திருக்கும். தலையில் எந்தக் குறியும் இல்லாத போல்ட் இந்த வேலைக்கு வேண்டாம்.

தலை கூரையில் முட்டுகிறது, அல்லது தொடை ஸ்டீரிங்கில் உரசுகிறது

பென்ச் சீட்டின் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு நன்றாக அமுங்கிக் கொடுக்கும். புதுக் கால பக்கெட் சீட்டின் ஃபோம் அவ்வளவு அமுங்காது, அடிச்சட்டமும் உயரம். அதனால் சீட்டை வெறுமனே அளந்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். ஆள் உட்கார்ந்த நிலையில், இடுப்பு எலும்புக்குக் கீழே தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதுதான் கணக்கு. பென்ச்சைக் கழற்றுவதற்கு முன்பே இதை அளந்து எழுதிவைத்திருந்தால் எவ்வளவோ நேரம் மிச்சம். கழற்றியாகிவிட்டது என்றால், கண்மட்டத்தை வைத்துப் பாருங்கள்: பானெட்டின் முன் ஓரமும், மேலே கண்ணாடியின் மேல் சட்டமும் பழையபடி தெரிகிறதா?

உயரத்தைக் குறைக்க முதலில் தாங்கியை மாற்றுங்கள். சீட்டின் அடியில் போல்ட் போடுவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் போடுகிற எல் வடிவத் தாங்கி வைத்தால் கணிசமாக இறங்கும், ஆனால் சீட்டின் சட்டம் பக்கவாட்டுப் பொருத்தத்துக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். அடுத்தது ஃபோமைச் சீவுவது, அதை நல்ல மெத்தைக்காரர் கையில் விடுங்கள். அடியில் இருக்கும் ஸ்பிரிங்கையோ சட்டத்தையோ வெட்டுவது கூடாது. இன்னொன்று, சீட்டின் முன்பக்கம் பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். பின்பக்கத் தாங்கியை உயர்த்திவிட்டுத் தரை சமமாகிவிட்டது என்று நினைத்தால், பிரேக் அடிக்கும்போதெல்லாம் முன்னே வழுக்குவீர்கள், தொடைக்குத் தாங்கலும் இருக்காது, அரைமணி நேரத்தில் இடுப்பு வலிக்கும்.

ஓட்டும்போது உடம்பு ஒருபக்கமாகத் திரும்பியிருக்கிறது

பென்ச்சில் நீங்கள் எங்கு வேண்டுமானாலும் தள்ளி உட்காரலாம், உடம்பு தானாகவே ஸ்டீரிங்குக்கு நேரே போய்விடும். பக்கெட் அந்தச் சுதந்திரத்தைத் தராது. ஸ்டீரிங்கின் நடுவிலிருந்து ஒரு நூலைப் பின்னால் இழுத்துச் சீட்டின் நடுக்கோட்டோடு ஒப்பிடுங்கள். ஓரிரண்டு செ.மீ. தள்ளியிருந்தால் பழகிவிடும். அதற்கு மேல் போனால் தோள் வலி நிச்சயம். நடுமேடு இடிப்பதால் தள்ளிவைத்தேன் என்பார்கள், அப்படியென்றால் அந்தக் காருக்கு அந்தச் சீட் அகலம், வேறு சீட் தேடுவதுதான் நல்லது. வாங்குவதற்கு முன் கதவுச் சட்டத்துக்கும் நடுமேட்டுக்கும் இடையே உள்ள அகலத்தை அளந்துகொண்டு போங்கள், சாய்க்கும் கைப்பிடிக்குக் கை நுழையவும் இடம் விடுங்கள்.

சீட் பெல்ட் வயிற்றில் ஏறுகிறது, அல்லது பக்கிள் சீட்டுக்கடியில் மறைந்துபோகிறது

பழைய பக்கிள்கள் பென்ச்சின் நடு இடுக்கு வழியாக மேலே வந்தவை. பக்கெட் வந்தபின் அந்த வழி மாறிவிடும். இடுப்புப் பெல்ட் இடுப்பெலும்பின் மேல் கிடக்க வேண்டும், வயிற்றின் மேல் கிடந்தால் மோதலில் குடலை நசுக்கும். பக்கிளைத் தரையில் பழைய நங்கூரத்திலேயே வைத்து, விறைப்பான தண்டு உள்ள பக்கிள் போடுவது எனக்குப் பிடித்த வழி.

பக்கிள் சீட்டோடு சேர்ந்தே வருகிற சீட் என்றால் கணக்கு மாறுகிறது. அப்போது மோதலில் உங்கள் எடையையும் சீட்டின் போல்டுகள்தான் பிடிக்க வேண்டும். தோள் பெல்ட் உட்பட முழுப் பெல்ட்டும் சீட்டிலேயே இருக்கும் வகை, சில திறந்த கூரைக் கார்களில் வருவது, பார்க்க வசதியாக இருக்கும். அதன் மூலக் காரின் தரை அதற்காகவே கட்டப்பட்டது, உங்கள் காரின் தரை அப்படியல்ல. எடுக்காதீர்கள்.

பிரேக் அடித்தால் சீட்டின் முதுகு முன்னே மடிகிறது

இரண்டு கதவுக் கார்களில், பழைய காலப் பக்கெட் சீட் போட்டால் வருவது. அமெரிக்காவில் மடியும் சீட்டின் முதுகு தானாகவே பூட்டிக்கொள்ள வேண்டும் என்ற விதி 1968-இல்தான் வந்தது, தலைத்தாங்கி 1969-இல். அதற்கு முந்தைய சீட் என்றால் பூட்டு இல்லாமலே இருக்கலாம். பழைமை அப்படியே வேண்டும் என்று ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது, ஆனாலும் பின்னால் குழந்தைகள் உட்காருவார்கள் என்றால் பூட்டும் தலைத்தாங்கியும் உள்ள சீட்டையே தேர்ந்தெடுங்கள்.

மின்சாரச் சீட் அசையவில்லை, ஃபியூஸ் போகிறது

புதுக் காரிலிருந்து எடுத்த சீட்டாக இருந்தால் முதலில் அடியில் மஞ்சள் கனெக்டர் இருக்கிறதா பாருங்கள். அது பக்கவாட்டு ஏர்பேக். அதில் மீட்டரையோ ஒயரையோ வைத்துச் சோதிக்காதீர்கள், வெடிக்கக்கூடியது அது. ஏர்பேக் இல்லாத சீட் கிடைக்கும்போது இதை ஏன் வாங்கணும் என்பதுதான் என் கேள்வி.

மோட்டார் சத்தமே இல்லை என்றால், நினைவு வசதி உள்ள சீட்டாக இருக்கலாம். அதன் கன்ட்ரோல் பெட்டி மூலக் காரின் நெட்வொர்க்கிலிருந்து கட்டளை வந்தால்தான் வேலை செய்யும், நேரடி ஸ்விட்ச் உள்ள சீட்டுக்கு மாறுவது சுலபம். மெதுவாக, இழுத்து இழுத்து நகர்ந்தால் ஒயர் மெல்லியது அல்லது எர்த் சரியில்லை. பெயின்ட் அடித்த தரையும் சீட் போல்டும் எர்த் கொடுக்கும் என்று நம்பாதீர்கள், தனி ஒயரை உடம்புத் தகட்டில் சுரண்டிய இடத்தில் போடுங்கள். பிளஸ் ஒயரைப் பாட்டரியிலிருந்து நேராக எடுங்கள், பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஒயரின் தடிமனுக்கு ஏற்ற ஃபியூஸ் இருக்கட்டும். சீட் மூலைவாட்டில் நகர்ந்தால், மோட்டாரிலிருந்து இரண்டு ரெயிலுக்கும் போகும் வளையும் தண்டுகளில் ஒன்று கழன்றிருக்கிறது.

மழைக்குப் பிறகு கார்பெட் ஈரம்

புது ஓட்டைகளையும், பழைய பென்ச்சின் பயனில்லாத ஓட்டைகளையும் அடைக்கவில்லை. சீலர் தடவி, அடியில் பூச்சு கொடுங்கள். துரு தொடங்குவது எப்போதும் இந்த ஓட்டைகளின் விளிம்பில்தான்.

முன்னால் மூவர் உட்கார்ந்த கார் இப்போது இருவர் காராகிவிட்டதால், பதிவுச் சான்றிலும் இன்சூரன்ஸிலும் இருக்கை எண்ணிக்கையை மாற்றச் சொல்லும் விதி உங்களுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றிய பென்ச்சை அதன் போல்டுகளோடு சேர்த்து ஈரம் படாத இடத்தில் வையுங்கள், அந்தக் கார் ஒரு நாள் பழையபடி திரும்ப வேண்டியிருக்கலாம்.

எல்லாம் இறுக்கி முடித்த பிறகு ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் தாங்கிவரை ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், கோடு எங்காவது முறிந்திருந்தால் அந்த மூலையில் தளம் இன்னும் சமமாகவில்லை. ஃபீலர் கேஜோடு மறுபடியும் அங்கே போங்கள்.